பெரெங்கேலா பேரை ஏன் யாரும் சொல்றதில்ல

ஸ்பெயின் ஒண்ணான கதைன்னாலே எல்லாரும் காஸ்டில் இளவரசி இசபெல்லாவுக்கும் அரகோன் இளவரசருக்கும் நடந்த கல்யாணத்துல தான் ஆரம்பிக்குறாங்க. எனக்கு அது ஒப்பல. அதுக்கு ரெண்டு நூற்றாண்டுக்கு முன்னாடியே, 1230ல, காஸ்டில், லியோன்ங்கற ரெண்டு ராஜ்யமும் சேர்ந்தாச்சு, சேர்த்து வச்சது பெரெங்கேலாங்கற ஒரு அம்மா.

காஸ்டில் முதல்ல லியோன் ராஜ்யத்தோட கிழக்கு எல்லைல கோட்டை கோட்டையா இருந்த ஒரு பகுதி, பேரே அதுலேர்ந்து வந்தது தான். அப்புறம் தனி ராஜ்யமாச்சு. ஆனா அங்க ராஜா செத்தா பாகப்பிரிவினை! 1065ல மூணு பிள்ளைக்கு மூணு பங்கு, அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டு 1072ல ஒருத்தன் கொலையாகி திரும்ப ஒண்ணாச்சு, 1157ல மறுபடி காஸ்டில், லியோன்னு ரெண்டா பிரிச்சாங்க.

பெரெங்கேலா காஸ்டில் ராஜா மக, கட்டிக்கிட்டது லியோன் ராஜா ஒன்பதாம் அல்ஃபோன்சோவை. நெருங்கின சொந்தம்னு போப் அந்தக் கல்யாணம் செல்லாதுன்னுட்டார், 1204ல பிரிஞ்சு பொறந்த வீட்டுக்கே வந்துட்டாங்க. 1217ல அவங்க தம்பி, காஸ்டிலோட சின்ன வயசு ராஜா, விளையாடிட்டு இருக்கும்போது தலைல ஓடு விழுந்து செத்துட்டான். அந்த அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா, சாவு சேதி வெளிய போகாம பாத்துக்கிட்டு, லியோன்ல அப்பா கிட்ட இருந்த மகன் ஃபெர்னாண்டோவை சாக்கு சொல்லி வரவழைச்சு, வல்லடோலிட்ல தனக்கு வந்த மகுடத்தை அப்படியே அவன் தலைல வச்சுட்டாங்க. பெத்த அப்பனே கோவத்துல படை எடுத்துட்டு வந்தார், பலிக்கல.

1230ல அவர் சாகும்போது மகனை விட்டுட்டு, மூத்த தாரத்து மகள்கள் சாஞ்சா, துல்சே ரெண்டு பேருக்கும் லியோனை குடுத்துட்டு போனார். சண்டை நிச்சயம்னு தான் யாரும் நினைச்சிருப்பாங்க. ஆனா பேச உக்காந்தது மூத்த தாரம் தெரசாவும் பெரெங்கேலாவும், நம்ம ஊர்ல சொன்னா சக்களத்திங்க ரெண்டு பேரு. தெரசா கல்யாணத்தையும் இதே காரணத்துக்காக தான் சர்ச் ரத்து பண்ணிருந்துச்சு. மகள்களுக்கு வருஷா வருஷம் 30,000 மரவேதி பொற்காசு, உரிமைய விட்டுக்குடுக்கணும், டிசம்பர்ல பெனவென்டேல ஒப்பந்தம் முடிஞ்சுது.

இதை சும்மா குடும்பப் பேச்சுவார்த்தைன்னு தள்ளிட்டு, தெற்கே முஸ்லிம் ஆட்சில இருந்த நகரங்கள்ல ஃபெர்னாண்டோ கோர்டோபாவை 1236ல பிடிச்சதையும் செவிலை 1248ல பிடிச்சதையும் மட்டும் பெருசா எழுதுறாங்க. ரெண்டு ராஜ்யத்து ஆளும் பணமும் ஒரே கைக்கு வந்த பிறகு தானே அதெல்லாம் நடந்துச்சு? செவில் விழுந்ததை பாக்க அந்த அம்மா இல்ல. 1246லயே போயிட்டாங்க, புர்கோஸ் பக்கத்துல லாஸ் உவெல்காஸ் மடத்துல அடக்கம் பண்ணிருக்காங்க.