இதுவரை எதை உடைத்திருக்கிறீர்கள்?

வாரத்துக்கு நான்கைந்து பேராவது உள்பெட்டியில் வந்து கேட்டுவிடுகிறார்கள். "அண்ணா, டெவ்ஆப்ஸ் பக்கம் வரலாம் என்று இருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? டாக்கரா, குபர்நெட்டிஸா, டெர்ராஃபார்மா?" (டெவ்ஆப்ஸ் என்றால், எழுதிய நிரலை சர்வரில் ஏற்றி விழாமல் ஓட வைக்கும் வேலை. மூன்றும் அதற்கான கருவிகள்.) சிலர் ஏதோ ஒரு பயிற்சி நிலையம் கொடுத்த பாடத்திட்டத்தையே படம் எடுத்து அனுப்புகிறார்கள். 45 நாட்களில் 18 கருவிகள். கடைசி வரியில் 'ரெஸ்யூம் தயாரிக்க உதவி' என்று இருக்கும். கட்டணத்தில் பாதி அந்தக் கடைசி வரிக்குத்தான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும்.

தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து 14 வருடங்கள் ஆகின்றன. வந்தபோது எங்கள் அலுவலகத்தில் இதற்கு 'சர்வர் சப்போர்ட்' என்று பெயர். பெருங்குடியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி, இரவு ஷிஃப்ட். பெயர்ப் பலகை மூன்று முறை மாறிவிட்டது. பார்க்கிற வேலை பெரிதாக மாறவில்லை. கடந்த ஆறேழு வருடங்களாக நேர்காணலில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். எத்தனை கருவி தெரியும் என்று நான் கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இதுவரை எதை உடைத்திருக்கிறீர்கள்?"

பத்தில் ஒன்பது பேர் சிரித்துவிட்டு, "அப்படி எதுவும் இல்லை சார்" என்பார்கள். ஆறு வருட அனுபவம், இருநூறு சர்வர், ஒன்றையும் உடைக்கவில்லை. சமையலறையில் ஆறு வருடம் நின்றவன் ஒருநாளும் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை என்கிற மாதிரி. ஒன்று, அவன் அடுப்புப் பக்கமே போகவில்லை. இல்லையென்றால் சுட்ட இடத்தை மறைக்கிறான்.

முதல் வகையினர் யார் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரே மாதத்தில் நான் பார்த்த நான்கு ரெஸ்யூம்களில் ஒரே திட்டம், ஒரே வரிகள், எழுத்துப்பிழை உட்பட. சொல்லிக்கொடுத்த இடம் ஒன்று. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படித்து முடித்து இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவனிடம் "மூன்று வருட அனுபவம் போட்டுக்கொள், எல்லோரும் அப்படித்தான்" என்று சொல்கிறவர்கள்மேல்தான் கோபம். பின்னணிச் சரிபார்ப்பில் அகப்பட்டு, சேர்ந்த மூன்றாவது மாதத்தில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவனைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயிற்சி நிலையத்தின் சுவரில் 'வேலை பெற்றவர்கள்' வரிசையில் அவன் படம் இன்னும் இருக்கும்.

எனக்கு வருத்தம் தருவது இரண்டாவது வகை. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். தென்மாவட்டம், நான்கு வருட அனுபவம். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லலாமா சார்?" என்றாள்.

சம்பள நாள். ஊழியர்கள் சம்பளச் சீட்டு பார்க்கும் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு லாக் கோப்பு (செயலி தன் நடவடிக்கைகளை எழுதிக்கொண்டே போகும் கோப்பு) மட்டும் 60 ஜிபி. அழித்துவிட்டாள். அழித்த பிறகும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் 'டிஎஃப்' கட்டளை 100 சதவீதம் நிரம்பியதாகவே காட்டுகிறது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' கட்டளையோ பாதி டிஸ்க் காலி என்கிறது. இரண்டில் எது பொய்? பின்னால் மேலாளர் நிற்கிறார், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. பதற்றத்தில் செயலியையே நிறுத்தி மறுபடி தொடங்கிவிட்டாள். இடம் காலியானது. ஆனால் பழைய செயலி, எழுந்து நிற்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. காலை பதினொரு மணி, சம்பள நாள். அவளுக்கு மெமோ கொடுத்தார்கள்.

"அப்புறம்தான் தெரிந்தது சார். இரண்டுமே உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. லினக்ஸில் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். அதைத் திறந்து வைத்திருக்கும் செயலி விடும்வரை இடம் போகாது. அழிக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்திருந்தால் செயலியைத் தொடவே வேண்டியிருந்திருக்காது."

அந்த ஒரு பத்தியில் நான் கேட்க நினைத்த பத்துக் கேள்விக்கும் பதில் இருந்தது. இதற்கு முன் இரண்டு நேர்காணல்களில் இதைச் சொல்லாமல் மறைத்தாளாம். சொன்னால் வேலை கிடைக்காது என்று தோழிகள் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2014-இல் நான் செய்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி, ஒரு சர்வரின் ஃபயர்வால் விதிகளை (யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்ற காவல் விதிகளை) வீட்டிலிருந்தபடி மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அடை என்ற விதியை முதலில் போட்டுவிட்டு, எனக்கான வழியைப் பிறகு திறக்கலாம் என்று நினைத்தேன். முதல் விதி போட்டதுமே திரை உறைந்துவிட்டது. நான் தூரத்திலிருந்து உள்ளே நுழைந்து தொங்கிக்கொண்டிருந்த 22-ஆம் எண் போர்ட்டையும் (வாசலையும்) சேர்த்து அடைத்திருந்தேன். கிளையின் நுனியில் உட்கார்ந்து அடியை வெட்டின கதைதான். டேட்டா சென்டருக்குத் தொலைபேசினால், இரவுப் பணியில் இருந்தவர் "தம்பி, டீ சொல்லியிருக்கிறேன், குடித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன்" என்றார். அவர் போய் மானிட்டரும் கீபோர்டும் செருகி, நான் சொல்லச் சொல்லத் தட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

காலை அறிக்கையில் 'நெட்வொர்க் கோளாறு, சரி செய்யப்பட்டது' என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, என் பக்கத்து இருக்கை நண்பன் வேறொரு சர்வரில் அச்சு அசலாக அதையே செய்தான். அது வாடிக்கையாளருடைய சர்வர். அவனுக்கு அந்த வருட ஊதிய உயர்வு போயிற்று. நான் எதுவும் பேசவில்லை. நான் உண்மையை எழுதியிருந்தால் அவன் தப்பித்திருப்பான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். (அவன் என் நட்பு வட்டத்தில் இருக்கிறான், இதைப் படிப்பான். நாளை தொலைபேசியில் திட்டு உண்டு.)

இப்போதெல்லாம் ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன், பத்து நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்ப வரும்படி ஒரு கட்டளையை நேரம் வைத்துவிட்டுத்தான் தொடுவேன். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துகொள்ளலாம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரும் நிலையில் இருந்தவர்கள், என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இதே கிளை வெட்டும் வேலையை இந்த முகநூலே செய்திருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் முகநூல், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் செத்துக் கிடந்தது நினைவிருக்கலாம். வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை. தொடர்ந்து, இணையதளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களும் இணையத்தின் பார்வையிலிருந்து மறைந்தன. உள்ளே போய்ச் சரி செய்யலாம் என்றால், உள்ளே போகும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. கடைசியில் ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த நாளே நடந்ததை எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு என்னுடைய டீக்காரர் ஞாபகம்தான் வந்தது.

எழுதி வைப்பதென்றால் எப்படி என்பதற்கு நான் எல்லோருக்கும் காட்டுவது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப் கதையை. 2017 ஜனவரி 31 இரவு. இரண்டு தரவுத்தள சர்வர்கள். ஒன்று முதன்மை, மற்றது அதன் நகல். நகல் பின்தங்கிவிட்டது என்று அதைத் துடைத்துப் புதிதாக எடுக்க ஒரு ஊழியர் முயல்கிறார். துடைக்கும் கட்டளையைக் கொடுத்த ஒன்றிரண்டு நொடிக்குள் உறைக்கிறது: கொடுத்தது முதன்மையில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிச்சம்.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடுகிறார்கள். தினசரி பேக்கப் எடுக்கும் நிரல், தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, தன் பதிப்பு வேறொன்று என்பதால் தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் திருப்பிவிட்டிருக்கிறது. பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலி. கிளவுட் டிஸ்க்கின் பிரதி எடுக்கும் வசதி அந்தத் தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்த ஒரு பிரதி தற்செயலாக இருந்தது. அதுதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. இடையிலான ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். பிறகு வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்த ஊழியரின் பெயர் இல்லை. அவரை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. கட்டளையைத் தவறான திரையில் கொடுத்தது யார் என்பதைவிட, பேக்கப் தோற்றது இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் பெரிய கேள்வி என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அந்த அறிக்கையைப் படித்த மறுநாள் நான் எங்கள் பேக்கப்பை ஒரு காலி சர்வரில் மீட்டுப் பார்த்தேன். எழவில்லை. வேறு காரணம், அதே கதை.

டெவ்ஆப்ஸ் என்ற பேச்சு தொடங்கியதே, பழி சொல்லாத இந்த மனநிலையிலிருந்துதான். 2009 ஜூனில், புகைப்படம் பகிரும் தளமான ஃபிளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் இருவரும் ஒரு மாநாட்டில், ஒரு நாளைக்குப் பத்து முறைக்கும் மேல் புதிய நிரலை ஏற்றுவதைப் பற்றிப் பேசினார்கள். அதே வருடம் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா கூட்டிய சந்திப்பில் இந்தப் பெயர் பிறந்தது. ஃபிளிக்கர் உரையில் கருவிகளுக்கு எவ்வளவு இடமோ, ஒருவரை ஒருவர் மதிப்பது, விழுந்தால் பழி சொல்லாமல் இருப்பது ஆகியவற்றுக்கும் அவ்வளவு இடம் இருந்தது. நாம் கருவிகளை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். நிரல் எழுதும் குழுவுக்கும் சர்வர் குழுவுக்கும் நடுவே இருந்த சுவரை இடிக்க வந்ததை, மூன்றாவதாக ஒரு குழுவாக்கி, இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் அடியை வாங்க உட்கார வைத்துவிட்டோம்.

தொழில்நுட்பக் கேள்விகளும் நிறைய வருகின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த மாதத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "குபர்நெட்டிஸில் பாட் விழுந்து விழுந்து எழுகிறது, 137 என்று வருகிறது, என்ன செய்வது?" குபர்நெட்டிஸ் நிரல்களைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு ஓட்டும்; பாட் என்பது அந்தப் பெட்டி. 137 என்பது நிரல் விழும்போது விட்டுப்போகும் எண், 128-உம் 9-உம் சேர்ந்தது. ஒன்பதாம் எண் சிக்னல் என்றால், கேள்வி கேட்காமல் கழுத்தை நெரிப்பது. பெரும்பாலும் ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டியதால் வருவது. உடனே எல்லோரும் வரம்பை இரட்டிப்பாக்குகிறார்கள். கொஞ்ச நாள் ஓடும், மறுபடி விழும். முதலில் உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். பழைய ஜாவா 8 என்றால், அது தனக்குப் போட்ட வரம்பைப் பார்க்காது. மொத்த இயந்திரத்தையும் பார்த்து அதில் கால் பங்கை எனக்கு என்று எடுத்துக்கொள்ளும். 64 ஜிபி இயந்திரத்தில் 2 ஜிபி வரம்பு போட்டால், அது 16 ஜிபி வரை வளரலாம் என்ற நினைப்பிலேயே இருக்கும். ஜாவா 10 முதலும், 8-இல் 191-ஆம் புதுப்பிப்பு முதலும் இது சரி செய்யப்பட்டுவிட்டது. அதாவது வரம்பை ஏற்றுவதற்கு முன் ஜாவாவின் பதிப்பைப் பார்க்க ஒரு நிமிடம் செலவிடுங்கள்.

இனி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு. வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதில் லினக்ஸ் போடுங்கள். ஒரு சின்ன இணையதளத்தை ஓட விடுங்கள். பிறகு அதைக் கெடுங்கள். டிஸ்க்கை நிரப்புங்கள். தரவுத்தளத்தை ஓடும்போதே கொல்லுங்கள். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதியாக விடுங்கள். டிஎன்எஸ்ஸைத் தப்பாக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் திரையில் என்ன வந்தது, முதலில் என்ன நினைத்தீர்கள், உண்மையில் என்னவாக இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். அந்த நோட்டோடு நேர்காணலுக்கு வருகிறவனுக்கு நான் ரெஸ்யூமே கேட்க மாட்டேன்.

சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா? எழுதுங்கள். குபர்நெட்டிஸ் நிர்வாகிக்கான சிகேஏ தேர்வு இரண்டு மணி நேரம் கை வேலை, டிக் அடிக்கும் தேர்வு அல்ல; மதிப்பு உண்டு. ஆனால் அங்கே பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். டெஸ்டிங்கிலிருந்து மாறலாமா? தாராளமாக. உடைப்பதுதானே உங்கள் பழைய வேலை. செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடுமா? கட்டளை எழுதுவதை அது ஏற்கெனவே என்னைவிட வேகமாகச் செய்கிறது. எந்தத் திரையில் கொடுக்கிறோம் என்று இரண்டு முறை பார்ப்பதை இன்னும் என்னிடம்தான் விட்டிருக்கிறது.

மேலாளர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது விழும்போது, கூட்டத்தின் முதல் கேள்வியாக "யார் செய்தது?" என்று கேட்காதீர்கள். அதைக் கேட்ட நொடியிலிருந்து உங்களுக்கு வருவதெல்லாம் 'நெட்வொர்க் கோளாறு'தான்.

அந்தப் பெண் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள். எங்களிடம் ஒரு பொதுக் கோப்பு உண்டு, யார் எதை உடைத்தாலும் அன்றே அதில் எழுத வேண்டும். முதல் பதிவு என்னுடைய 2014 ஃபயர்வால். பத்து வருடம் தாமதமாக எழுதினேன். அவள் சேர்ந்த ஆறாவது வாரம் பதினேழாவது பதிவை எழுதினாள். சோதனைச் சூழல்தான், பெரிய சேதம் இல்லை. ஆனால் இந்த முறை யாரிடமும் "சொல்லலாமா?" என்று கேட்கவில்லை.

உள்பெட்டி திறந்தே இருக்கிறது. கேள்வியோடு நீங்கள் கடைசியாக உடைத்ததையும் எழுதி அனுப்புங்கள். இந்த வாரம் ஆன்கால் (எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருப்பது) என் முறை. பதில் தாமதமானால், இங்கே ஏதோ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.