நோட்ஸைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள்

மதுரைப் பக்கம் கல்லூரிகளில் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வில் 'சொல்வதை எழுதுபவராக'ப் போய்க்கொண்டிருக்கிறேன். தேர்வு நெருங்கினால் பாடம் வாசித்துக் காட்டவும் கூப்பிடுவார்கள். அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ் வரும். எப்படி வரும்? கையெழுத்து நோட்டை மேசையில் விரித்து, ஓரத்தில் கட்டைவிரலும் டீ டம்ளரும் தெரிய, செல்போனில் எடுத்த படங்களாக வரும். இல்லையென்றால் எந்தக் காலத்துப் புத்தகத்தையோ சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். பார்வையுள்ள பிள்ளைகள் பெரிதாக்கிப் படித்துக்கொள்வார்கள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியைப் போட்டுக் கேட்கும் பிள்ளைக்கு அந்த போன் "இமேஜ்" என்று சொல்லும். அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

டைப் அடித்து அனுப்பினாலாவது சரியாகுமா என்றால், அங்கே பாமினி உட்கார்ந்திருக்கிறது. பாமினி எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று அடித்திருந்தால் திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது எம், கே, செமிகோலன், கே, எச். இப்படி ஒரு முழு அலகைக் காதில் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். தமிழைத் தமிழ் எழுத்தாகவே கோப்பில் வைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. கல்லூரித் துறை அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போல.

கண் என்றால் மதுரை என்று ஊரெல்லாம் சொல்லும். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை அந்தப் பெயரை வாங்கித் தந்தது. பார்வை திரும்ப வழியில்லாதவர்களுக்கும் இந்த ஊரில் இடம் உண்டு. சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-ல் தொடங்கிய ஜின்னா அவர்களே பார்வையற்றவர்தான். இப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு நாம் நோட்ஸைப் போட்டோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதை ஒரு கல்லூரியில் சொன்னபோது "ஃபண்ட் இல்லையே சார்" என்றார்கள். எதற்கு ஃபண்ட்? கணினித் திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் இலவசம். 2006-ல் அதை எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். போனில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. காப்புரிமைச் சிக்கல் வரும் என்று சிலர் இழுப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்குப் புத்தகத்தை மாற்றுவதற்கு 2012-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் கொடுத்தது. சீட் கொடுத்தாயிற்று, பாடம்தான் போய்ச் சேரவில்லை. இணையவழி அணுகல் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வங்கி போன்ற இடங்களில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி தொடர்பான வழக்கு. வங்கிக்குப் பொருந்துவது வகுப்புக்குப் பொருந்தாதா?

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பேச்சு. ஆன்லைன் வகுப்பில் வரைபடத்தைப் போட்டுவிட்டு, "இங்க பாருங்க, இது இப்படி வந்து அப்படிப் போகுது" என்பார்கள். எது, எங்கே வந்து, எங்கே போகிறது? "வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, மதுரை வழியாக ராமநாதபுரம் சீமைக்குப் போகிறது" என்று சொல்ல இன்னும் ஐந்து விநாடி ஆகுமா? அப்படிச் சொன்னால் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்கும் நன்றாகப் பதியும். காது கேளாத பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். கேமராவை அணைத்துவிட்டு ஸ்லைடை மட்டும் ஓட்டினால் உதட்டசைவும் போச்சு. பேசப்போவதை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது வேறு கதை, அதற்கு உண்மையிலேயே பணம் வேண்டும், அரசுதான் செய்ய வேண்டும்.

அப்புறம் இந்த ஆன்லைன் டெஸ்ட். எழுத்துத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனால் வகுப்புத் தேர்வுக்கான இணைப்பு அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடிக்கொள்கிறது. கை நடுங்கும் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை போய்விடும். அதில் வாங்கும் மார்க்கை வைத்து "சுமாரான ஸ்டூடன்ட்" என்று முத்திரை வேறு.

ஆசிரிய நண்பர்கள் ஒன்று செய்யுங்கள். கடைசியாகக் குழுவில் போட்ட நோட்ஸை, உங்கள் போனில் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். அணைக்கும் வழியை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திண்டாடுவீர்கள். பழைய பாமினி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சுப் பக்கமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றித் தமிழ் எழுத்தாக எடுக்கலாம். பிழை இருக்கும், ஒருமுறை திருத்த வேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால் இன்பாக்ஸில் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.