பிள்ளைகளை எந்த வரலாற்று நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போவது?

விடுமுறை நெருங்கினால் போதும், சேலத்தில் எங்காவது ஒரு மைதானத்தில் மன்னர் காலத்துக்கே கூட்டிப் போகிறோம் என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். அப்படி ஒன்றுக்கு வீட்டோடு போயிருந்தோம். தீரன் சின்னமலை கதை. புகை, லேசர் விளக்கு, காதைக் கிழிக்கும் பாட்டு. சின்னமலை வாளைச் சுழற்றுகிறார், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஓடுகிறார்கள், எல்லோரும் மேடைக்கு வந்து ஆடுகிறார்கள், முடிந்தது. அண்ணன் மகள் ஆறாவது படிக்கிறாள். "அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு சித்தப்பா?" என்று கேட்டாள். நம்ம சங்ககிரிக் கோட்டையில்தான் தூக்கில் போட்டார்கள் என்றேன். "அதை ஏன் இவங்க சொல்லவே இல்ல?" என்றாள்.

நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கு வரலாறு காட்ட நினைத்தால், முடிவை மறைக்காத நிகழ்ச்சியாகப் பார்த்துப் போங்கள். கத்தியும் கிரீடமும் எங்கேயும் கிடைக்கும். தோற்றவர் என்ன ஆனார், அவருக்காக யார் அழுதார், நடந்து போனவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று சொல்லாத நிகழ்ச்சிக்கு நம் பிள்ளைகளின் ஒரு மாலை நேரத்தைக் கொடுக்கக் கூடாது.

சின்னமலையைத் தெரிந்துகொள்ள சங்ககிரியே இருக்கிறது. கட்டபொம்மனை 1799இல் தூக்கில் போட்டார்கள், மருது சகோதரர்களை 1801இல். அதற்குப் பிறகும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கும்பெனிப் படையோடு மோதியவர் இவர். 1805 ஜூலை 31 அன்று சகோதரர்களோடு தூக்கிலிடப்பட்டார். தமிழ்க் கணக்கில் அது ஆடி 18. அதனால் இன்றும் ஆடிப்பெருக்கு அன்றுதான் மாலையும் மேளமுமாக ஊர் ஊராக ஆட்கள் சங்ககிரிக்கு வருகிறார்கள். அங்கே நாடகம் எதுவும் தேவையில்லை. அந்த மலையை நிமிர்ந்து பார்த்தாலே பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஒன்று மட்டும், அன்றைக்கு மேட்டூருக்கும் பவானிக்கும் போகிற கூட்டம் சாலையை அடைத்துவிடும். விடியும்போதே கிளம்புங்கள். கோட்டைக்கு ஏறுவதாக இருந்தால் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், மூட்டுவலி உள்ள பெரியவர்களை அடிவாரத்தில் நிழலில் உட்கார வையுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், குடும்பத்தோடு போக முதல் இடம், மகாபாரதக் கதையை ஆடிக் காட்டுகிற பாரதக் கூத்துதான். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இன்றைக்கு மூன்று மாவட்டமாகச் சொல்கிறோம். 1965 வரை எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசி நாள் படுகளம். திடலில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய உருவத்தைச் சுற்றி வீமன் வேஷக்காரர் துரத்த, துரியோதனன் ஓட, தொடையில் அடி விழுந்ததும் கூட்டம் ஒரு கணம் அப்படியே நின்றுவிடும். திரௌபதி கூந்தல் முடிவாள். அதோடு விடமாட்டார்கள். காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள். கெட்டவன் என்று இரவெல்லாம் நாம் திட்டிக்கொண்டிருந்தவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று அந்த ஒப்பாரியில் தெரியும். என் அம்மா வருஷா வருஷம் அந்த இடத்தில் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்வார். இதைவிட நேர்மையான போர்க்காட்சியை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

பாரதம் வரலாறா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்கலாம். ஆனால் ஒரு ஊரே விரதம் இருந்து, வரி போட்டு, தலைமுறை தலைமுறையாக ஒரு போரை நடத்திக் காட்டுகிறதே, அதுவே நம் வரலாறு இல்லையா?

சின்னப் பிள்ளைகள் விடிய விடிய உட்கார மாட்டார்கள், சரி. பாயும் போர்வையும் கொண்டு போங்கள், தூங்கினால் தூங்கட்டும். முக்கியமாக, கூத்து தொடங்குவதற்கு முன்பே போய் வேஷம் கட்டுவதைப் பார்க்கக் கேளுங்கள். அரிதாரம் பூசி, புஜக்கட்டை கட்டி, கிரீடம் ஏறுகிற வரைக்கும் பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். பகலில் காட்டு வேலைக்குப் போன ஒருவர் கர்ணனாக எழுந்து நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும். கதை புரியாவிட்டால் கட்டியக்காரன் இருக்கிறார். நம்ம பேச்சிலேயே கேலி செய்து விளக்கிவிடுவார்.

தூரம் போக முடிந்தவர்களுக்கு இன்னொன்று: வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்த பாதை அது. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அந்தத் தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்த பாட்டை எழுதிய நாமக்கல் கவிஞரும் அன்றைய சேலம் ஜில்லாக்காரர். சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியபோது, ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி கைதானார், ஆறு மாதம் சிறை. அந்த நடையை நினைவு யாத்திரையாக இன்றும் நடக்கிறார்கள். வாளே இல்லாத இந்தப் போராட்டத்தைப் பிள்ளைகள் கால் வலிக்கக் கொஞ்ச தூரமாவது நடந்து தெரிந்துகொள்ளட்டும்.

இந்தக் கோடைக்கு எங்கள் வீட்டில் படுகளம் என்று முடிவாகிவிட்டது. ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரிப் பக்கம் யார் ஊரிலாவது பாரதத்துக்கு நாள் குறித்திருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கு உட்கார ஒரு நாற்காலி மட்டும் கிடைத்தால் போதும், மற்றவர்கள் மண்ணிலேயே உட்கார்ந்துகொள்கிறோம்.