வழிகாட்டி யார் என்பதுதான் கேள்வி

பயிற்சி மருத்துவர்களுக்கு ஆராய்ச்சிக்கென்று ஓராண்டு ஒதுக்கிவிட்டால் மருத்துவ விஞ்ஞானிகள் உருவாகிவிடுவார்கள் என்ற தொனியில் நான் படித்த ஒரு கட்டுரை போகிறது. நேரம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட உட்கார்ந்து வழிகாட்டுவது யார்?

1981இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த பேரி மார்ஷல், ஆய்வுக்குத் தலைப்பு தேடிப் போய்த்தான் நோயியல் மருத்துவர் ராபின் வாரனைச் சந்தித்தார். இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாவை வாரன் 1979லேயே கவனித்திருந்தார், பெரும்பாலோர் நம்பவில்லை. இருவரும் சேர்ந்ததில் வயிற்றுப்புண்ணுக்கு அந்தக் கிருமி முக்கியக் காரணம் என்பது பிடிபட்டது, 2005இல் நோபலும் வந்தது. (மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தே பார்த்தது தனிக்கதை!)

என் பயிற்சிக் காலத்தில் வழிகாட்டி என்றால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுபவர், அவ்வளவுதான். இரவுப் பணி முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் தரவு ஏற்றியதே மிச்சம். முதலில் வழிகாட்டுபவரின் பணி அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்கட்டும்.