பையன் தலையைக் குனிந்தான், நான் தீர்ப்பு எழுதினேன்

மதுரையில் சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கும்பாபிஷேக நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. போன வருடம் தை மாதம், முகூர்த்த வேலைகள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை இரவு கல்லாவில் 14,000 ரூபாய் குறைந்தது. கடையில் வேலைக்கு இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இருபது வருடமாக மிஷின் ஓட்டும் பெரியவர். மற்றவன் சேர்ந்து ஏழு மாதமே ஆன பத்தொன்பது வயதுப் பையன். நான் யாரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அந்த நாள்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் நேர்காணல்கள் கேட்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகள், மனநல மருத்துவர்கள், உடல்மொழி வல்லுநர் என்று தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்பவர்கள் என யார் வந்து உட்கார்ந்து பேசினாலும் கேட்பேன். பொய் சொல்பவன் கண்ணைப் பார்க்க மாட்டான், எச்சில் விழுங்குவான், மூக்கைத் தொடுவான், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு கதையைத் தொடங்குவான் என்ற பாடமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதை எங்காவது பிரயோகித்துப் பார்க்க வேண்டும் என்ற அரிப்பும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பையனைக் கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கல்லாவுல கை வச்சியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். எச்சில் விழுங்கினான். "இல்லண்ணே" என்ற சொல் பாதிதான் வெளியே வந்தது. பிறகு, "அண்ணே, வியாழக்கிழம பேப்பர் லோடு வந்தப்ப..." என்று ஏதோ ஆரம்பித்தான். பேச்சை மாற்றுகிறான் என்று முடிவுகட்டி, கையைக் காட்டி நிறுத்தினேன். அத்தனை அறிகுறிகளும் பொருந்திப்போனதில் எனக்குக் கோபத்தைவிட ஒரு திருப்தி இருந்தது என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொரு அச்சக உரிமையாளர் போன் செய்து, "உங்ககிட்ட இருந்த பையன் எப்படி?" என்று விசாரித்தார். "வேலையெல்லாம் நல்லாப் பார்ப்பான், கைதான் கொஞ்சம் நீளம்" என்றேன்.

மாதக் கடைசியில் பேப்பர் மொத்த வியாபாரியின் கணக்கர் கணக்குப் பார்க்க வந்தார். அவருடைய ஏட்டில் அந்த வியாழக்கிழமைத் தேதியில் என் பெயருக்கு நேரே 14,000 வரவு வைத்திருந்தது. அன்று காலை திருமங்கலத்தில் என் அத்தை தவறிய செய்தி வந்து, நான் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் லோடு வண்டி வந்து நின்றது. கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தவன் நான்தான். சிட்டையில் எழுதாமல் பஸ் ஏறியவனும் நான்தான். மேப்லித்தோ பேப்பர் ரீம்களை இறக்கி அடுக்கியவன் அந்தப் பையன். சனிக்கிழமை அவன் சொல்ல வந்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு, எனக்குப் பாடம் சொன்ன வல்லுநர்களுக்குப் பாடம் சொன்னவர்கள் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலகம் முழுவதும் மக்களுக்கு ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. 58 நாடுகளில், பொய் சொல்பவரை எப்படிக் கண்டுகொள்வீர்கள் என்று கேட்டபோது, அதிகம் பேர் சொன்ன பதில் "கண்ணைப் பார்க்க மாட்டார்" என்பது. ஆனால் பொய்யின் அறிகுறிகள் என்று கருதப்பட்ட 158 விஷயங்களை உளவியலாளர் பெல்லா டிபாலோவும் அவருடைய குழுவினரும் 2003இல் ஆய்வுகளைத் தொகுத்து அலசியபோது, பார்வையைத் தவிர்ப்பதற்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பே தென்படவில்லை. 2006இல் அவரும் சார்லஸ் பாண்டும் சேர்ந்து, 24,483 பேர் பங்கேற்ற சோதனைகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டபோது, பொய்யையும் மெய்யையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்களின் சராசரித் திறன் 54 சதவீதம் என்று வந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். பொய்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 47தான்.

இந்த ஊரில் பெரியவர் முன்னால் நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பேசினால் திமிர் என்போம். குனிந்து நின்றால் திருட்டு முழி என்போம். பிறகு ஒரு பையன் எங்கேதான் பார்ப்பான்?

முகத்தில் நொடிப்பொழுது தோன்றி மறையும் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் மேற்கோள் காட்டும் பெயர் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன். அந்த எக்மனே ஓர் எச்சரிக்கையையும் எழுதி வைத்திருக்கிறார். உண்மை சொல்பவருக்கும், நம்பமாட்டார்களோ என்ற பயம் வரும். அந்தப் பயமும் பொய்யனின் பயமும் முகத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அதைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதற்கு அவர் வைத்த பெயர் "ஒத்தெல்லோ பிழை". ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் டெஸ்டிமோனாவின் கலக்கத்தைத் துரோகத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டு அவளைக் கொன்றவனின் பெயர் அது. நான் கேட்ட நேர்காணல்களில் எக்மன் பெயர் பத்துத் தடவையாவது வந்திருக்கும். இந்த எச்சரிக்கை ஒரு தடவைகூட வரவில்லை.

கருவிகளின் கதையும் இதுதான். பாலிகிராப் எனப்படும் பொய் கண்டறியும் கருவி அளப்பது இதயத்துடிப்பை, மூச்சை, ரத்த அழுத்தத்தை, தோலின் வியர்வையை. பொய்யை அளக்க அதில் முள் எதுவும் கிடையாது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் இருந்துகொண்டே 1985 முதல் சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986இலும் 1991இலும் அந்தச் சோதனையில் தேறி, 1994இல்தான் பிடிபட்டார். நம் உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் 2010 மே 5 அன்று அளித்த தீர்ப்பில், யாரையும் அவர் சம்மதமில்லாமல் மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனை, பாலிகிராப், மூளை அலைச் சோதனை ஆகியவற்றுக்கு உட்படுத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு அதற்கு அடிப்படை. நாட்டின் உச்ச நீதிமன்றமே இவ்வளவு யோசிக்கிற இடத்தில், கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வல்லுநர்களின் பேச்சே வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பேச்சை நம்புவது என்பதில்தான் என் கணக்கு தலைகீழாகிவிட்டது. தன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "மூஞ்சியப் பாத்து நானும் ஏமாந்திருக்கேன் தம்பி. ஸ்டேஷனுக்குள்ள வந்தா நல்லவனுக்கும்தான் கை நடுங்கும். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல அவனையே சொல்ல விட்டுரணும். நமக்குத் தெரிஞ்சத வாயத் தொறந்து சொல்லிறக் கூடாது. அப்புறம் ரசீது, நேரம், ஆளு, எல்லாத்தையும் ஒத்துப் பாக்கணும்" என்றார்.

அவர் அனுபவத்தில் சொன்னதை ஸ்வீடனில் மரியா ஹார்ட்விக், பேர் ஆண்டர்ஸ் கிரான்ஹாக் போன்ற உளவியலாளர்கள் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். கையில் இருக்கும் ஆதாரத்தை முதலிலேயே கொட்டிவிடாமல், எதிராளியைத் தாராளமாகப் பேசவிட்டு, அவர் சொல்வதை ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெற்ற போலீஸ் மாணவர்கள் 85 சதவீதம் சரியாகக் கணித்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் 56 சதவீதம். அன்று நான், "வியாழக்கிழமையிலிருந்து கல்லாவில் இருந்து என்னென்ன போச்சு, சொல்லு" என்று கேட்டிருந்தால், ஒரே நிமிடத்தில் லோடு வண்டி வந்து நின்றிருக்கும்.

ஒன்றை மறக்காமல் எழுதிவிடுகிறேன். பல வருடம் முன்பு எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்தி, ஒரே இரவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன மனிதர், ஒவ்வொரு மாதமும் என் கண்ணை நேராகப் பார்த்து, என் மகனின் படிப்பைப் பெயர் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் பணம் வாங்குவார். அவர் முகத்தை நான் ஆராயவே இல்லை. ஆராய்ந்திருந்தாலும் நல்ல மதிப்பெண்தான் போட்டிருப்பேன்.

தவறு தெரிந்த பிறகும் பையன் வீட்டுக்குப் போக எனக்குப் பதினோரு நாள் ஆனது. அவனிடம் மன்னிப்புக் கேட்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்த இன்னொரு அச்சகத்துக்காரரிடம், சங்கக் கூட்டத்தில் மாதாமாதம் முகம் பார்க்கிற மனிதரிடம், நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. பையனுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, இதை அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவன் அம்மா வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார். பையன் வந்து நின்றான். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், எச்சில் விழுங்கினான். கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற அதே நிற்பு. கவரை வாங்கவில்லை.

"அந்த பிரஸ்காரர்ட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

சொல்லவில்லை. அங்கேயே நின்று, அவன் காதில் விழும்படி, அவருக்குப் போன் போட்டேன்.