சைக்கிள் ஊர்வலம் போனால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு

2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அந்தப் படங்களைக் காட்டினால் நம்மவர்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: "கூட்டமாகச் சைக்கிள் மிதித்தால் இனவெறி போய்விடுமா?" அங்கே ஒரு கறுப்பினத்தவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஃபுளோரிடாவில் டாம்பா என்றொரு நகரம். சைக்கிளில் விளக்கு இல்லை, ஒரே வண்டியில் இரண்டு பேர் போகிறீர்கள் என்றெல்லாம் சொல்லி, மூன்றே ஆண்டுகளில் 2,500-க்கும் மேற்பட்ட அபராதச் சீட்டுகளைப் போலீஸ் கிழித்துக் கொடுத்தது. வாங்கியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர். ஊர் மக்கள்தொகையில் அவர்கள் கால்வாசிதான். 2015-இல் உள்ளூர்ப் பத்திரிகை இதைப் போட்டு உடைத்தது. மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, இத்தனை சீட்டு கொடுத்தும் விபத்தோ திருட்டோ குறையவில்லை என்று அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இதே கதைதான். அங்கே போலீஸ் வேலை பார்க்கும் ஷெரிஃப் துறை சைக்கிள்காரர்களை நிறுத்திய 44,000-க்கும் மேற்பட்ட சம்பவங்களைப் பத்திரிகையாளர்கள் அலசியபோது, பத்தில் ஏழு பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நிறுத்தப்பட்டவர்களில் 85 சதவீதம் பேரைச் சோதனை போட்டிருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று டிஜான் கிஸ்ஸி என்ற 29 வயதுக் கறுப்பின இளைஞரை அவர்கள் தடுத்ததும் சைக்கிள் விதியை மீறினார் என்றுதான். சற்று நேரத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவரிடம் துப்பாக்கி இருந்தது என்றது போலீஸ். சரி, இருக்கட்டும். சைக்கிள் விதிக்காக ஒருவரை விரட்டிக்கொண்டு போகவேண்டிய அவசியம் என்ன?

இதை மனதில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்கு வாருங்கள். அந்தக் கோடையில் ஸ்ட்ரீட் ரைடர்ஸ் என்ஒய்சி என்ற குழு நடத்திய ஊர்வலங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சந்திப்புகளில் நடக்கும் வேலை. ஊர்வலம் வருவதற்குள் சிலர் முன்னால் பாய்ந்து போய், சைக்கிளைக் குறுக்காக நிறுத்திக் கார்களுக்கு எதிரே நிற்பார்கள். கடைசி ஆள் கடந்ததும் ஏறி மிதித்து, அடுத்த சந்திப்பில் போய் நிற்பார்கள். தனியாக வந்தால் ஓரங்கட்டி அடையாள அட்டை கேட்கப்படும் பையன், அன்று சாலையின் நடுவே போகிறான். அவனுக்காகக் கார்கள் காத்திருக்கின்றன. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்து போன போராட்டக்காரர்களைப் போலீஸ் தங்கள் சைக்கிள்களாலேயே மறித்தது. பின்னாலிருந்தும் வளைத்துக்கொண்டு, 250-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 21,500 டாலர் தர நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

சைக்கிள் உலகமும் யோக்கியம் கிடையாது. 1894-இல் அமெரிக்காவின் பெரிய சைக்கிள் சங்கம் வெள்ளையர்களுக்கு மட்டும்தான் இடம் என்று விதி போட்டது. ஐந்தே ஆண்டில் மேஜர் டெய்லர் என்ற கறுப்பினத்தவர் உலகச் சாம்பியன் ஆனார். அந்த விதியைச் சங்கம் தவறென்று அறிவித்துக் கைவிட்டது 1999-இல்!

அதனால் ஊர்வலத்தில் வந்த வெள்ளையின சைக்கிள் ஆர்வலர்களிடம் நான் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். சைக்கிள் பாதை கேட்டுப் போராடும் அவர்கள், அந்தப் பாதையில் யாரைப் போலீஸ் நிறுத்துகிறது என்றும் கேட்கவேண்டும். சியாட்டில் பக்கம் அது நடந்தது. ஹெல்மெட் அபராதம் கறுப்பினத்தவர் மீதும் வீடற்றவர்கள் மீதும்தான் அளவுக்கு மீறி விழுகிறது என்பதை ஆர்வலர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். 2022-இல் கிங் கவுண்டி அந்தச் சட்டத்தையே நீக்கியது. ஹெல்மெட் போடுங்கள் என்று இப்போதும் சொல்கிறார்கள். போடாதவரைப் பிடித்து நிறுத்த அந்தச் சட்டம்தான் இல்லை.