பவர் சப்ளையைப் புதிதாகவே வாங்குங்கள்

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது பழைய கம்ப்யூட்டரின் கேபினெட்டையும் பவர் சப்ளையையும் அப்படியே பயன்படுத்தினால் செலவு மிச்சம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. கேபினெட் சரி, ஏடிஎக்ஸ் என்ற பொதுவான மதர்போர்டு அளவுக்கு ஏற்றதாக இருந்தால் தாராளமாக ஓடும். ஆனால் பத்து வருஷம் உழைத்த பவர் சப்ளை வேண்டவே வேண்டாம். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும்; பவர் சப்ளை பழுதாகிப் போகும்போது புது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். இப்போதைய போர்டுகள் பலவற்றில் பிராசசருக்கு மின்சாரம் தர 8 பின் இணைப்பு இருக்கிறது, பழைய பவர் சப்ளை சிலவற்றில் 4 பின் மட்டும்தான் வரும்.

அப்புறம் ரேம். கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதவர்கள் 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபியாக இரண்டு போடுங்கள். பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடும். இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனலில் விளையாட்டு ஓடும் வேகமே வேறு. இன்டெல் பிராசசர்களில் பெயர் ‘எஃப்’ என்று முடியும் மாடல்களில் அந்த கிராஃபிக்ஸே இருக்காது, பார்த்து வாங்குங்கள்.